கடைசியாகத் தொட்ட சொல்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். ஜன்னலில் சித்தேரி மலையைக் காணோம். மலை இருந்த இடத்தில் பால் கலந்த தண்ணீரின் நிறம். பாப்பிரெட்டிப்பட்டி முழுக்க ஈர வாசனை.

நரம்பு மாத்திரை 8 மணிக்கு. பத்து வரை தலை மட்டும் ஓரடி மேலே மிதக்கும். யார் பேசினாலும் பக்கத்து அறையில் பேசுவது போல.

அந்த நேரம் பார்த்து ரேகா மேடம் போன், பெங்களூரிலிருந்து. என் டீமுக்குத் தலைவி. என் விடுப்பு 16ஆம் தேதியோடு முடிகிறதாம்.

“மஞ்சுளா, 17 திங்கக்கிழமை ஒரு மணி நேரம் உக்காரலாம். ஸ்கிரீன் ஷேர் பண்ணு. ஒரு பக் தரேன், சரி பண்ணிக் காட்டு. மேல இருக்கறவங்க பாக்கணும்னு சொல்றாங்க.”

“முடியலைன்னா மேடம்?”

“பாடம் சரிபாக்கற வேலை இருக்கு. உக்காந்து கேட்டுட்டு, தப்பைக் குறிச்சாப் போதும். அதுவும் நல்ல வேலைதான்.”

நல்ல வேலைதான். ஆனால் அந்தச் செயலி நான் எழுதியது. பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடத்தை வாசித்துக் காட்டும் செயலி. அதன் தமிழ் வாய் முழுக்க ஆறு வருடமாக என் இரண்டு கைகளும் எழுதியது. இனி அதில் தப்பு மட்டும் குறிப்பவள்.

இடது கை மடியில். ரயில் நிலையத்தில் யாரோ ‘கொஞ்சம் பாத்துக்கங்க’ என்று கொடுத்துவிட்டுப் போன பை மாதிரி.

மதியம் ரசம். துவையல்.

நவம்பர் 5, புதன்

வெயில் அரை மணி. மறுபடி மூட்டம்.

ஒற்றைக் கையால் தட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம். தோள் எரிகிறது.

இடது கை செய்துகொண்டிருந்தவை:
ஷிப்ட், கண்ட்ரோல் பிடிப்பது
ஜடைக்கு மூன்றாம் இழை
பால் பாக்கெட்டைப் பிடிக்க, வலது கை வெட்ட
கன்னத்தில் வைத்து யோசிக்க
உயிரெழுத்து

கடைசியை இந்த ஐந்து மாதத்தில்தான் கவனித்தேன். நான் பழகிய தமிழ் விசைப்பலகையில் அ, ஆ, இ, ஈ எல்லாம் இடது பக்கம். மெய்யெழுத்து பெரும்பாலும் வலது பக்கம். இப்போது வலது கை ஒவ்வொரு எழுத்துக்கும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பரிசல் விடுகிறது. ‘அம்மா’ என்று தட்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

வீட்டுக்காரர் சீனு கடையிலிருந்து சாப்பிட வந்தார். மோட்டார் வைண்டிங் கடை, மழைக் காலத்தில் கூட்டம் குறைவு. தட்டில் என் தோசையைப் பிய்த்து வைத்துவிட்டுத்தான் தன் தட்டைத் தொடுகிறார். கேட்காமலே. பேசாமலே. அந்தப் பேசாமலேதான் எனக்குத் தாங்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

திடீரென்று ஞாபகம். சேலத்தில் படிக்கும்போது ஒரு சீனியர் அக்கா, கோட் எழுதும் பழைய எடிட்டர் ஒன்றைக் காட்டினார். எழுதுவதைத் தவிர எல்லாமே மவுஸில்தான். நாங்கள் சிரித்தோம். “இதை யாருக்கா வெச்சு வேலை பண்ணுவாங்க?” யார் என்று இப்போது தெரிகிறது.

இறக்கினேன். மங்கின மஞ்சள் ஜன்னல்கள், பொத்தான் இல்லை, படம் இல்லை. எங்கும் சொற்கள் மட்டும். எந்தச் சொல்லும் கட்டளை ஆகலாம். எழுதி, அதன் மேல் நடு பட்டனை அழுத்தினால் அந்தக் கட்டளை ஓடும். அவ்வளவுதான்.

அதைவிட ஒன்று. ‘தேடு’ என்று ஒரு சிறு கட்டளை செய்துவைத்தேன். எதைத் தேடுவது என்று அதற்குச் சொல்ல வேண்டும் அல்லவா. மற்ற இடங்களில் தேடு என்று தட்டி, இடம் விட்டு, சொல்லையும் தட்ட வேண்டும். இங்கே தட்டவே வேண்டாம். எங்கோ கிடக்கும் சொல்லை இடது பட்டனால் இழுத்துக் குறி. ஜன்னலின் மேல்விளிம்பில் ‘தேடு’ இருக்கிறது, அதன் மேல் போ. நடு பட்டனை அழுத்திப் பிடி. விடாமல் ஆள்காட்டி விரலால் இடது பட்டனை ஒரு தொடு தொடு. குறித்த சொல் கட்டளையிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

இரண்டு விரல். ஒரே கை.

எழுபது தடவை செய்திருப்பேன். ‘மழை’யைத் தேடினேன். ஐந்தாம் வகுப்புப் பாடம் முழுக்க மழை.

நவம்பர் 7, வெள்ளி

நடு பட்டன் என்பது இந்த மவுஸில் உருளும் சக்கரம். அழுத்தினால் உருண்டுவிடுகிறது. பிடித்த சொல் மேலே ஓடிப் போய்விடுகிறது. தண்ணீரில் விழுந்த குழம்புக் கரண்டியைப் பிடிப்பது போல. நடுவிரல் வீக்கம்.

ரேகா மேடத்திடம் போனில் விளக்கினேன். கட்டளைக்கு ஆர்க்யுமென்ட் எப்படிக் கொடுக்கிறேன் என்று. போனை வைத்ததும் அத்தை, சீனுவின் அம்மா, வாசற்படியில். கையில் முறம், முகத்தில் கவலை.

“யார்கிட்ட கண்ணு ஆர்க்யுமெண்ட்டு?”

“சண்டை இல்லீங்க அத்தை. மிசினுக்கு ஒரு வார்த்தை குடுக்கறோம்ல, அதுக்குப் பேரு அது.”

“வார்த்தை குடுத்தா சண்டைதான வரும்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். சிரிக்கிறாரா இல்லையா தெரியவில்லை.

மதியத் தூக்கத்தில் கனவு. மேசையில் இரண்டு கைகள். இடது கை தானாகத் தட்டிக்கொண்டிருக்கிறது, வேகமாக. திரையில் எதுவும் வரவில்லை. வெளியில் எல்லா இடத்திலும் இலைகள் அசைகின்றன. விழித்தபோது கொல்லையில் மழை வாழையிலையில் தட்டிக்கொண்டிருந்தது. இடது விரல்கள் சூடாக இருப்பது போல. தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தன.

நவம்பர் 9, ஞாயிறு

சீனு காலையில் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். நான் சக்கரத்தை அழுத்துவதை, உதட்டைக் கடிப்பதை.

“இந்தச் சக்கரம் சுத்தறது வேண்டாமா உனக்கு?”

“வேண்டாங்க. மூணு பட்டன் தனித்தனியா இருந்தாப் போதும்.”

“அப்படி வருதா இப்ப?”

“பழைய மாடல்ல இருந்துச்சு.”

சட்டையை மாட்டிக்கொண்டு தர்மபுரி பஸ்ஸில் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்?

மா. 4 மணிக்குத் திரும்பினார், தலை முழுக்க மழை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவரின் வீட்டையே தேடிப் போயிருக்கிறார். பழைய சாமான் மூட்டையில் கிடந்ததாம். வெளுத்துப் போன சாம்பல் நிற மவுஸ், சக்கரம் இல்லை, மூன்று பட்டன். வயர் என் லேப்டாப்புக்கே பொருந்துகிறது.

நடு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை!

சிரித்தேன். அவரும் சிரித்தார். எவ்வளவு நாளைக்குப் பிறகு.

நவம்பர் 10, திங்கள்

காலை முழுக்க மூடுபனி. தெருவில் போகிறவர்களுக்குக் கால் இல்லை.

கடையில் இருந்து சீனு போன்.

“மஞ்சு, சுவிச்சு மாத்தறேன். மூணு வகை இருக்கு. அழுத்தமா வேணுமா, லேசா வேணுமா?”

“லேசா.”

“எவ்ளோ லேசா?”

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. “பூனை மேல கை வெச்சா மாரி” என்றேன்.

“சரி” என்றார்.

மதியம் கொண்டுவந்தார். வேறொரு மவுஸிலிருந்து பிடுங்கி, பற்றவைத்து, மேல் மூடியின் உள்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்திருக்கிறார். பிடித்தேன். நடுவிரல் தன் கனத்திலேயே இறங்குகிறது. டிக். ஆள்காட்டி விரல் பக்கத்தில் ஒரு தொடு. டிக். சொல் போய்விட்டது.

தேடு, மாற்று, ஓட்டு, காட்டு. மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை. தட்டச்சு சத்தம் இல்லாத வேலை. குளத்தில் யாரோ சின்னக் கல் போட்டுக்கொண்டே இருப்பது போல டிக், டிக்.

நவம்பர் 11, செவ்வாய்

தர்மபுரி ஆஸ்பத்திரி. கைப்பயிற்சி நாள்.

பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர்:
“எம் பொண்ணு வூட்டுக்காரன் பெங்களூருல செக்யூரிட்டிங்க. மாசத்துக்கு ஒருக்கா வர்றான். வந்தாத் தூங்கறான்.”
“தூங்கட்டும் வுடுங்க. வூட்ல தூங்காம வேற எங்க தூங்குவான்.”

பயிற்சி கொடுக்கும் பெண் கண்ணை மூடச் சொன்னாள். ஒவ்வொரு விரலாக அசைப்பதாக நினைக்க வேண்டும். “நெனச்சாப் போதுங்கக்கா. நரம்புக்கு ஞாபகம் வரணும்.” வருமா என்றேன். “ஒரு வருசம் ஆவலாம். வராமலும் போவலாம். பொய் சொல்ல மாட்டேங்கக்கா.” இவளைப் பிடித்திருக்கிறது.

கண்ணை மூடி சுண்டு விரலில் அ. மோதிர விரலில் இ. நடு விரலில் உ. பாதியில் தூங்கிவிட்டேன். எழுப்பவில்லை அவள்.

நவம்பர் 12, புதன்

மோசமான நாள்.

‘அழி’ என்று ஒரு கட்டளை செய்து ‘தேடு’க்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். புத்தி கெட்டவள். மாத்திரை மயக்கம், சுட்டி நகர்ந்தது எனக்குத் தெரியவில்லை. ‘தேடு’ என்று நினைத்து ‘அழி’யின் மேல் அழுத்தி இடது பட்டனைத் தொட்டேன். என்ன போனது? கடைசியாகக் குறித்தது எதுவோ அது. அது இந்த ஜன்னலில்கூட இல்லை, மூன்றாவது ஜன்னலில். ஒரு மணி நேரம் முன்பு குறித்துவிட்டு மறந்துபோன ஒரு கோப்புறையின் பெயர். ஐந்து நாளாகச் செய்துவைத்த கட்டளைகள் எல்லாம் அதில்தான். ஆபீஸ் கோப்புகளுக்கு வேறு இடத்தில் நகல் உண்டு. இதற்கு இல்லை.

இந்த எடிட்டர் கேட்பதில்லை. உறுதியா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. நான் கடைசியாகத் தொட்டதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

மவுஸைச் சுவரில் எறிந்திருப்பேன். அவர் பற்றவைத்தது.

“பாடம் சரிபாக்கற வேலைக்கே போறேங்க” என்றேன் சீனுவிடம், சாப்பிடும்போது.

தோசை பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. “நீ பெங்களூருக்கே போயிருந்தா கை நல்லாருந்திருக்கும்” என்றார், தட்டைப் பார்த்து. எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

எழுதிவிடுகிறேன். ஜூனில் அரூரிலிருந்து வந்துகொண்டிருந்தோம். பைக்கிலேயே சண்டை. பெங்களூர் ஆபீசுக்கே வந்துவிடு என்று கூப்பிட்டிருந்தார்கள். போகலாம் என்றேன் நான். கடையை விட்டுவிட்டு எப்படி என்றார் அவர். ‘நிறுத்துங்க, நான் எறங்கிக்கறேன்’ என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வளைவில் மணல். அப்புறம் வானம் மட்டும், ரொம்ப நேரம். அவருக்குத் தாடையில் நான்கு தையல். எனக்கு இந்தக் கை.

அந்த ‘எறங்கிக்கறேன்’ என்ற பேச்சை நாங்கள் இருவரும் இன்றுவரை எடுத்ததில்லை.

நவம்பர் 13, வியாழன்

மழை. கட்டளைகளை மறுபடி எழுத ஆரம்பித்தேன். ஒற்றைக் கையால், பரிசலில். என்ன செய்வது, அழுது முடித்தாயிற்று.

நவம்பர் 14, வெள்ளி

எடிட்டர் கையேட்டின் கடைசியில் ஒரு வரி. முன்பே படித்திருக்கலாம். நடு பட்டனைப் பிடித்தபடி இருக்கும்போது, விடுவதற்குள் வலது பட்டனைத் தொட்டால் கட்டளை ரத்து.

அதை மட்டும் நூறு தடவை. பிடி, வேண்டாம். பிடி, வேண்டாம். மூன்றாம் விரலுக்கு வேலை.

‘அழி’யை எல்லா ஜன்னலிலிருந்தும் எடுத்துவிட்டேன். வேண்டுமென்றால் எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொள்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கடை லீவு. மலை தெரிகிறது, பாதி. மேல் பாதி மிதக்கிறது.

சீனு கூடத்தில் உட்கார்ந்து டேபிள் ஃபேனைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு அந்த ஒரு மணி நேரம். அதனால்தானோ என்னவோ, வாயில் வந்துவிட்டது.

“அன்னிக்கு நான் எறங்கறேன்னு சொல்லலீன்னா நீங்க திரும்பியிருக்க மாட்டீங்க.”

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. “எறங்கறேன்னு சொன்னியா?”

“கேக்கலீங்களா?”

“ஹெல்மெட்டு, காத்து. என்னா கேக்கும். பேசிட்டே வந்தவ திடீர்னு சத்தம் இல்ல. அழுவறியோன்னு பாக்கத் திரும்புனேன்.”

“அழுதனா?”

“இல்ல.” வெகுநேரம் ஃபேன் இறக்கையைத் துடைத்தார். “கண்ண மூடிட்டு இருந்த. காத்து மூஞ்சில அடிச்சுது. அவ்ளோ சண்டைக்கு அப்பறம் இப்படி ஒரு மூஞ்சியான்னு இருந்துச்சு. நல்லாருக்கேன்னு பாத்தேன். இன்னும் கொஞ்சம் பாத்துட்டேன். அதான் மணல் தெரியல.” அப்புறம், “இத உங்கிட்ட எப்படிச் சொல்றது மஞ்சு?”

ஐந்து மாதம். நான் சொன்னதால் என்று நான். அவர் பார்த்ததால் என்று அவர். ஒரே வீட்டில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டு.

அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். அத்தை எட்டிப் பார்த்தார். இரண்டு டம்ளர் காபி வைத்துவிட்டுப் போனார். ஆறிப்போன பிறகு குடித்தோம்.

எனக்கு அந்தக் காற்று ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும்.

நவம்பர் 17, திங்கள்

காலை மாத்திரை போடவில்லை. தோளில் நெருப்பு. தலை தெளிவு.

10.30. திரையில் ரேகா மேடம், இன்னும் இரண்டு முகங்கள், ஒருவர் கேமராவே போடவில்லை.

பக்: ஐந்தாம் வகுப்புக் கணக்கில் 1/2 வந்தால் செயலி ‘ஒன்று சாய்கோடு இரண்டு’ என்று வாசிக்கிறது. ‘அரை’ என்று வாசிக்க வேண்டும். ஒரு குழந்தை தன் டீச்சரிடம் “மிஸ், சாய்கோடுன்னா எவ்ளோ மிஸ்?” என்று கேட்டிருக்கிறதாம்.

1/2 ஐக் குறித்தேன். ‘தேடு’. டிக், டிக். முப்பது நாற்பது வரிகள் வந்து விழுந்தன. எல்லாம் கணக்கு. சுலபம். ‘மாற்று’வின் மேல் போனேன். நடு பட்டனைப் பிடித்தேன், இடது பட்டனையும் தொட்டுவிட்டேன்.

விடவில்லை. ஏன் என்று தெரியவில்லை. கண் பட்டியலில் கீழே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் இருந்து மூன்றாவது வரி: ‘தேர்வு நாள்: 1/2’.

தேதி. பிப்ரவரி ஒன்று. விரலை விட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தேர்வு நாள் ‘அரை’.

வலது பட்டன். ரத்து.

“என்னாச்சு?” என்று கேமரா போடாதவர். “தேதி சார்” என்றேன். அந்த வரியைக் காட்டினேன்.

அப்புறம் நாள், தேதி என்ற சொற்கள் பக்கத்தில் இருந்தால் தொடாமல் விடும்படி எழுதினேன். முக்கால், கால் எல்லாம் சேர்த்து. அந்தப் பகுதியைத் தட்டித்தான் ஆக வேண்டும். ஒற்றைக் கை, எல்லோரும் பார்க்க, அவ்வளவு மெதுவாக. காது சூடாகிவிட்டது. 47 நிமிடம். முன்பு இருபதில் முடித்திருப்பேன்.

கடைசியில் ஓட்டிக் காட்டினேன். செயலி வாசித்தது: ‘அரை ஆப்பிள்.’ ‘தேர்வு நாள், பிப்ரவரி ஒன்று.’

“சொல்றோம்” என்றார்கள். மூடினார்கள்.

மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். கூரை மெதுவாக நகர்ந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

போன் இல்லை. வெண்டைக்காய். துணி காயவில்லை.

நவம்பர் 19, புதன்

மா. 5.20, ரேகா மேடம்.

“பழைய வேலையே. உன் இடம் உனக்குத்தான்.”

நேரம் அதிகமாயிற்றே என்றேன். கையைப் பற்றி என்ன சொன்னார்கள்?

“கையைப் பத்தி யாரும் பேசலை மஞ்சுளா. தேதியைப் பத்தித்தான் அரை மணி நேரம் பேசினாங்க.”

மாதத்தில் ஒரு நாள் மட்டும் நேரில் வர வேண்டும். திங்கட்கிழமை வர முடியுமா? வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம். ரயில், படி, பை, கூட்டம்.

“நான் வர்றேன் கூட” என்றார் சீனு.

“வேண்டாங்க. தர்மபுரி வரைக்கும் வாங்க.”

யோசித்தார். “தர்மபுரி வரைக்கும்” என்றார்.

நவம்பர் 24, திங்கள். ரயிலில்

ஜன்னல் சீட்டு கிடைத்தது. சீனு பிளாட்பாரத்தில் ரயிலோடு நான்கு அடி நடந்தார், அப்புறம் நின்றுவிட்டார். “எறங்கறப்ப போன் பண்ணு” என்று கத்தினார். இரண்டு தடவை.

வெளியே பனி. பாறை, புளியமரம், ஒரு வீட்டில் மட்டும் மஞ்சள் விளக்கு, மறுபடி பாறை. எதிர் சீட்டில் ஓர் அம்மா கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிப் போனில் யாரையோ சாப்பிடச் சொல்கிறார்.

பைக்குள் மவுஸ், துண்டில் சுற்றி.

ரயில் ஆட்டத்தில் நோட்டு நழுவிக்கொண்டே இருந்தது. எழுத்து கோணல். வேறு வழி இல்லாமல் இடது கையை வலது கையால் தூக்கி, பக்கத்தின் மேல் ஓரத்தில் வைத்தேன். அப்படியே கிடந்தது. நல்ல கனம். பக்கம் அசையவில்லை.

இந்த நான்கு வரியும் அது பிடித்துக் கொடுத்து எழுதியவை.

அந்த அம்மா பார்த்துவிட்டு, “ஜன்னல சாத்தட்டா கண்ணு, குளுருதா?” என்றார். வேண்டாங்க, இருக்கட்டும் என்றேன். காற்று முகத்தில். ஓசூர் வந்துவிட்டது போல, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். எனக்கு இன்னும் பெங்களூர் வரை இருக்கிறது.